பைப் புகையிலை வாங்குமுன்: இராமநாதபுரம் கரையோரத்து ஆட்களுக்கு ஒரு வரி, சுங்க வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரை எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அல்லது கப்பலில் வேலை பார்ப்பார். அப்படிப் போன இடத்தில் சிலருக்குப் பைப் பழக்கம் வந்துவிடுகிறது. வேறு சிலர் ஊரிலேயே இருந்துகொண்டு, "காக்கா (அண்ணன்), வரும்போது நாலு டப்பா பைப் தூள் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான். எவ்வளவு கொண்டு வரலாம், பார்சலில் வரவழைக்க முடியுமா, நம் ஊர்க் கடையில் மட்டும் ஏன் இந்த விலை?

பைப் புகையிலை விஷயத்தில் பிராண்டைவிட முக்கியம், அது எந்த வழியில் நாட்டுக்குள் வருகிறது என்பது. ஒரே டப்பா பயணியின் பையில் வந்தால் ஒரு சட்டம், பார்சலில் வந்தால் வேறு சட்டம், கடைக்கு இறக்குமதியாகி வந்தால் இன்னொன்று. படகில் வந்தால் அது கடத்தல். புதிதாக வாங்குகிறவர்கள் டப்பாவைத் தேடுவதற்கு முன் இந்த வழிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைப் புகை சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது என்ற பேச்சு நம் பக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அது வழி. பழக்கம் இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே அதை அச்சிட்டிருப்பார்கள். ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பவர்கள் சட்டத்துக்கு உட்பட்டு வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பொருள் எது என்று முதலில் பாருங்கள்

"புகையிலை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சுங்கத்தில் அது பல பொருள். பைப்பில் போடும் கலவையும், தாளில் வைத்துக் கையால் சுருட்டும் தூளும் இந்தியச் சுங்க அட்டவணையில் ஒரே வரிசையில் வருகின்றன: பைப்புக்கும் சிகரெட்டுக்குமான புகைக்கும் கலவை, எண் 2403 19 10. வளைகுடாவில் ஷீஷாவுக்கு (ஹூக்கா) போடும் பாகு மாதிரியான ஈரப் புகையிலைக்கு 2403 11 என்று தனி எண் உண்டு. இரண்டுக்கும் வரி வேறு வேறு. ஷீஷா டப்பாவைக் காட்டி "பைப் புகையிலைதான் சார்" என்று சொன்னால், அதிகாரி அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பதப்படுத்தாத இலைப் புகையிலை இன்னொரு வகை. யாழ்ப்பாணம் போய்வருபவர்கள் "நல்ல இலை" என்று கட்டாக எடுத்துவர ஆசைப்படுவார்கள். பதனிடாத இலை தாவரப் பொருள் என்பதால் சுங்கத்தோடு தாவரத் தனிமைக்காப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். அதைக் கொண்டு வராதீர்கள். கடையில் மூடி முத்திரையிட்டு விற்கும் டப்பா அல்லது பவுச் மட்டும் போதும்.

வேப், இ-சிகரெட், புகையிலையைச் சூடாக்கி இழுக்கும் கருவி ஆகியவை 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் தடை. இறக்குமதி, விற்பனை, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். இறக்குமதியிலோ விற்பனையிலோ முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து கிடைக்கலாம். டூட்டி (சுங்க வரி) கட்டி விடுவித்துக்கொள்ளும் பேச்சே இதில் கிடையாது. துபாய்க் கடையில் தாராளமாக விற்கிறார்களே என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

பையில் கொண்டு வருவது: 125 கிராம்

பெரும்பாலோருக்குப் பயன்படும் பகுதி இதுதான். மதுரை, திருச்சி, சென்னை, கொச்சி, எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் விதி ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் டூட்டி கட்டாமல் கொண்டு வரக்கூடிய புகையிலை: 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை.

அந்த "அல்லது" மேல் கண் வையுங்கள். நூறு சிகரெட்டும் வைத்துக்கொண்டு மேலே 125 கிராம் பைப் புகையிலையும் எடுத்து வந்தால் இரண்டும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றில் ஒன்றுதான் இலவசம்.

அடுத்தது கிராம் கணக்கு. பைப் புகையிலை டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வட்டத் தகர டப்பா என்றால் நிகர எடை பெரும்பாலும் அடிப்பகுதியிலோ பக்கவாட்டு லேபிளிலோ சின்ன எழுத்தில் இருக்கும். ஐரோப்பிய டப்பாக்களில் 50 கிராம் என்பது மிகவும் பழக்கமான அளவு. 100 கிராம் டப்பாவும் உண்டு. அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அவுன்ஸ் கணக்கு: இரண்டு அவுன்ஸ் டப்பா ஏறக்குறைய 57 கிராம், ஒன்றரை அவுன்ஸ் பவுச் 42.5 கிராம். இப்போது கூட்டிப் பாருங்கள். 50 கிராம் டப்பா இரண்டு, 100 கிராம், சரி. மூன்றாவது டப்பா எடுத்தால் 150, வரம்பு தாண்டிவிட்டது. இரண்டு அவுன்ஸ் டப்பா இரண்டு, 114 கிராம், சரி. ஒன்றரை அவுன்ஸ் பவுச் மூன்று எடுத்தால் 127.5. வெறும் இரண்டரை கிராம் கூடுதல், ஆனாலும் கூடுதல்தான்.

கடையில் "ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று தள்ளிவிடுவார்கள். அந்த மூன்றாவது டப்பாதான் ஆபத்து. இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகச் சுங்கம் அதைக் கணக்கில் விடாது.

ஏற்கெனவே திறந்து பாதி புகைத்த டப்பா இருந்தால், உள்ளே மிச்சமிருப்பதும் கணக்கில் சேரும். கிளம்புமுன் அதைத் தீர்த்துவிடுங்கள் அல்லது அங்கேயே நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். இறங்கியபின் வருகைப் பகுதி டூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் இதே 125 கிராமுக்குள்தான் அடங்க வேண்டும். புறப்பட்ட இடத்தில் ஒரு வரம்பு, இறங்கிய இடத்தில் இன்னொரு வரம்பு என்று கிடையாது.

இந்த 125 கிராம் பொது டூட்டி ஃப்ரீ வரம்புக்கு வெளியே இருப்பதும் இல்லை. பொது வரம்பு ரூபாய்க் கணக்கு. 2016-ம் ஆண்டு பேக்கேஜ் (பயணிச் சாமான்) விதிகள் அதை இந்தியருக்கு 50,000 ரூபாய் என்று வைத்தன. இது அரசு மாற்றக்கூடிய தொகை. டிக்கெட் போட்டதும் மத்திய மறைமுக வரி மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகை, டிவி, மொபைல் என்று ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டவருக்கு 125 கிராமுக்குள் இருக்கும் டப்பாவின் விலையும் அந்த மொத்தத்தில் ஏறும்.

குடும்பத்தோடு வருபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஒருவருடைய இலவச வரம்பை இன்னொருவருடையதோடு சேர்க்க முடியாது. மனைவி, பிள்ளைகள் பெயரில் தலைக்கு 125 கிராம் என்று கணக்குப் போட்டு ஒரே பெட்டியில் அரை கிலோவை அடுக்கி வந்தால், அந்தப் பெட்டி யாருடையதோ அவர் தலையில்தான் அத்தனையும் விழும். குழந்தைகள் பெயரில் புகையிலை கொண்டு வருவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

பைப் என்ற கருவி தனி விஷயம். நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பழைய பைப் உங்கள் சொந்த உடைமை. புதிதாக வாங்கிய பைப் பொது வரம்பின் ரூபாய்க் கணக்கில் சேரும், கிராம் கணக்கில் சேராது. பைப் சுரண்டும் கத்தி, கூரான கம்பி போன்றவற்றைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். லைட்டர், தீப்பெட்டியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

125 கிராமுக்கு மேல் இருந்தால்

பயப்பட வேண்டாம், அறிவிக்கப் பொருள் உள்ளவர்கள் போகும் ரெட் சேனலுக்குப் போங்கள். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 77 பயணிக்குச் சொல்வது இதைத்தான்: பையில் இருப்பதை நீயே சொல். அதிதி என்ற சுங்கத்துறைச் செயலியில் விமானம் ஏறுமுன்பே அறிவித்துவிடலாம். கவுன்டரில் நின்று "125 கிராமுக்கு மேல் இருக்கிறது" என்று சொன்னால், கூடுதலான அளவுக்கு மட்டும் டூட்டி போடுவார்கள். கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வரலாம்.

ஆனால் அந்த டூட்டி லேசாக இருக்காது. 2016 சுங்க அறிவிக்கை பயணிகளின் பொதுவான பொருட்களுக்கு அடிப்படைச் சுங்கத்தை 35 சதவீதமாகக் குறைத்தது. துப்பாக்கி, தோட்டா, வரம்பு தாண்டிய மது, புகையிலை ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை என்று அதே அறிவிக்கை ஒதுக்கி வைத்தது. பக்கத்தில் நிற்பவர் மிக்ஸிக்குக் கட்டிய வீதத்தைப் பார்த்து உங்களுக்கும் அதுதான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

டூட்டி கட்ட மனமில்லை, சில வாரத்தில் திரும்பிப் போகப்போகிறீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிரிவு 80-ன் கீழ், உண்மையாக அறிவித்த பொருளைச் சுங்கத்திடமே விட்டுவைத்து, நாட்டை விட்டுப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கேட்கலாம். லீவுக்கு வந்து போகிறவர்களுக்கு இது உதவும். ஆனால் உண்மையாக அறிவித்திருந்தால்தான் இந்த வழி திறக்கும்.

அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான கிரீன் சேனலில் நடந்து போய்ப் பிடிபட்டால் கதை வேறு. பொருள் பறிமுதல், அதன்மேல் அபராதம். பறிமுதலான பொருளை மீட்க வேண்டுமானால் அதற்கும் தனியாக மீட்புத் தொகை, அதன்மேல் டூட்டி. மூன்று டப்பாவுக்காக இத்தனையையும் தாங்க வேண்டுமா? கவுன்டரில் பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளின் சட்டைக்கு நடுவே இருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கும்போது, பின்னால் ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். பணத்தைவிட அந்தக் கூச்சம்தான் பலருக்கும் பெரிதாக இருக்கிறது.

துபாயிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் மதுரை போகிறவர்களுக்கு, வழக்கமாகச் சென்னையிலேயே சுங்கம் முடிந்துவிடும். மதுரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பிறர் கொடுத்தனுப்பும் பார்சல்

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. ஊருக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், அறைக்கு நான்கு பேர் வந்துவிடுவார்கள். "வாப்பாவுக்கு ஒரு டப்பா", "மச்சானுக்கு ரெண்டு பவுச்". எல்லாம் அன்பில் வருவதுதான். ஆனால் உங்கள் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் இருப்பது சட்டத்தின் கண்ணில் உங்களுடையது. யாருக்காக என்ற கேள்வி டூட்டியில் எழாது. நான்கு பேர் கொடுத்த டப்பாக்கள் சேர்ந்து 300 கிராம் ஆனால், அது நீங்கள் கொண்டு வந்த 300 கிராம்.

நான் சொல்லும் முறை இதுதான். உங்கள் 125 கிராமில் நீங்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்று கேட்பவரிடம் நேராகச் சொல்லுங்கள். "எனக்கு ஒரு டப்பாதான், உங்களுக்கு ஒரு டப்பா இடமிருக்கு, அதுக்கு மேல முடியாது." கொடுத்ததைப் பிரித்துப் பார்த்து, கடை பில்லையும் வாங்கிக்கொண்டு, உங்கள் கையாலேயே பெட்டியில் வையுங்கள். பிரிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள்.

குருவி வேலைக்கும் இதற்கும் உள்ள கோடு மெல்லியது. கூலிக்காகவோ டிக்கெட்டுக்காகவோ பிறர் சரக்கைச் சுமந்து வருவது சொந்தப் பேக்கேஜ் ஆகாது. விற்பனைக்கான அளவு என்று அதிகாரி கருதினால் பேக்கேஜ் சலுகையே கைவிட்டுப் போகும். சின்ன வயதுப் பையன்கள் முதல் பயணத்திலேயே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களை அனுப்பிவிட்டவர் வீட்டில் நிம்மதியாக இருப்பார், வழக்கு பையன் பெயரில் ஓடும்.

கப்பல்காரர்களுக்கும் சிங்கப்பூர், துபாய் ஆட்களுக்கும்

கப்பலில் வேலை பார்ப்பவர், பணிக்காலத்தின் நடுவே துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்கு வந்து போனால், பயணிக்குரிய முழு வரம்பு கிடைக்காது. 2016 விதிகளில் அவருக்கு 1,500 ரூபாய்க்குள் அடங்கும் சின்னப் பரிசுப் பொருட்கள்தான் என்று இருந்தது. பணி முடிந்து கணக்குத் தீர்த்து, சைன்-ஆஃப் ஆகி வரும்போது மற்றப் பயணிகளைப் போலவே வரம்பு கிடைக்கும். சைன்-ஆஃப் காகிதத்தைக் கையில் எடுத்தமாதிரி வைத்திருங்கள். கப்பல் கடையில் வரியில்லாமல் வாங்கியது என்பதால் கரையில் எந்தத் தனிச் சலுகையும் கிடைத்துவிடாது.

சிங்கப்பூருக்குப் போகும் ஆட்களுக்கு எதிர்த்திசையில்தான் ஆபத்து. சிங்கப்பூரில் புகையிலைக்கு டூட்டி ஃப்ரீ வரம்பு என்பதே கிடையாது. முதல் கிராமிலிருந்தே அறிவித்து வரி கட்ட வேண்டும். 2020 ஜூலை முதல் அங்கே புகையிலை எல்லாமே ஒரே மாதிரியான வெற்றுப் பாக்கெட்டில்தான் விற்கப்படுகிறது. ஷீஷா தடை, வேப்பும் தடை. ஊரிலிருந்து டப்பாவோடு கிளம்பாதீர்கள். திருச்சியில் ஏறும்போது யாரும் கேட்க மாட்டார்கள், சாங்கி விமான நிலையத்தில் கேட்பார்கள்.

துபாயில் எல்லாமே மலிவு என்ற நினைப்பும் இப்போது பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 அக்டோபர் முதல் புகையிலைக்கு 100 சதவீத எக்சைஸ் (கலால்) வரி. சவூதியில் அதே ஆண்டு ஜூனிலேயே வந்துவிட்டது. அங்கே நகரக் கடையில் வாங்கும் டப்பாவில் அந்த வரி ஏறியிருக்கும். ஊருக்குக் கொண்டுவரத்தான் என்றால் கிளம்பும் விமான நிலையத்தின் டூட்டி ஃப்ரீயில் வாங்குவதே பெரும்பாலும் நல்லது. அங்கே கிடைக்கும் வகைகள் குறைவு என்பது உண்மைதான்.

பார்சலில் வரவழைக்கலாமா

இதைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வெளிநாட்டு இணையக் கடையில் வண்டி நிறைய வகைகள் இருக்கும், விலையும் கண்ணைக் கவரும். என் கருத்து: புதிதாக வாங்குபவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதல் காரணம், 125 கிராம் சலுகை பயணியின் பேக்கேஜுக்கு மட்டும்தான். தபாலுக்கோ கூரியருக்கோ அது கிடையாது. ஒரே ஒரு 50 கிராம் டப்பாவுக்கும் வரி உண்டு. இரண்டாவது, "கிஃப்ட்" என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய தந்திரம் செத்துப் போய்விட்டது. 2019 டிசம்பர் 12-ம் தேதியிட்ட வெளிநாட்டு வர்த்தக அறிவிக்கைப்படி, உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர, அன்பளிப்பு என்று வரிவிலக்குக் கேட்டுத் தபாலிலோ கூரியரிலோ பொருள் வரவழைக்க முடியாது. முழு வரியும் கட்டினால்தான் அன்பளிப்பும் வரும். மூன்றாவது, பல கூரியர் நிறுவனங்கள் புகையிலையைக் கையில் எடுப்பதே இல்லை. பொருளின் பெயரை மாற்றி எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால், அதற்குச் சம்மதித்தவர் நீங்கள் என்றாகிவிடும். பொய் அறிவிப்பு பறிமுதலுக்குப் போதுமான காரணம்.

வரி போடும்போது டப்பாவின் விலையை மட்டும் எடுக்க மாட்டார்கள். அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த மொத்தத்தின் மேல்தான் கணக்கு. ஐரோப்பாவிலிருந்து ஒரு டப்பா வர ஆகும் கூலி, பல நேரம் டப்பாவின் விலையையே எட்டிவிடும். அதற்கும் சேர்த்துத்தான் வரி.

நம் ஊர்க் கடை விலை ஏன் இப்படி

மதுரையிலோ சென்னையிலோ சட்டப்படி இறக்குமதியான டப்பாவைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இறக்குமதிப் புகையிலையில் வரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். முதலில் அடிப்படைச் சுங்கம். அதன்மேல் சமூக நலக் கூடுதல் கட்டணம், அந்தச் சுங்கத்தில் பத்தில் ஒரு பங்கு. பிறகு, உள்நாட்டில் அதே பொருளுக்குக் கலால் வரி எவ்வளவோ அவ்வளவு கூடுதல் சுங்கம். கடைசியில் இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பைப் கலவைக்கு 28 சதவீதமும், அதன்மேல் 290 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் (ஒரு கூடுதல் வரி) வைத்தார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் இந்த அமைப்பு மாறிவிட்டது. இழப்பீட்டு செஸ் போய்விட்டது, பீடி தவிர்த்த புகையிலைப் பொருட்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், பீடிக்கு 18. செஸ் போனதால் விலை இறங்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த இடத்தை நிரப்பக் கலால் வரியை ஏற்றிவிட்டார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில், பைப்புக்கும் சிகரெட்டுக்குமான கலவையின் கலால் வீதம் சட்ட அட்டவணையில் 60 சதவீதத்திலிருந்து 325 ஆக உயர்ந்தது. அரசு அறிவிக்கையில் வைக்கும் நடைமுறை வீதம் அந்த உச்சத்துக்குள் இருக்கும்.

ஏற்றம் எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு. வீதங்களைச் சும்மா எளிமைக்காக வைத்துக்கொள்வோம்: அடிப்படைச் சுங்கம் 30, கலாலுக்கு ஈடான கூடுதல் சுங்கம் 100, ஜிஎஸ்டி 40. துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 1,000 ரூபாய் மதிப்புள்ள டப்பாக்கள். சுங்கம் 300, கூடுதல் கட்டணம் 30, ஆக 1,330. அதன்மேல் 100 சதவீதம் என்றால் 2,660. அதற்கு ஜிஎஸ்டி 1,064. மொத்தம் 3,724 ரூபாய். இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று யாருடைய லாபமும் இதில் இன்னும் சேரவில்லை. கூடுதல் சுங்கத்தை 100 என்று வைத்தாலே இந்த நிலை. கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். விலையின் பெரும்பகுதி அரசுக்குப் போகிறது.

ஆகவே சட்டப்படியான டப்பா மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. யாராவது மலிவாகக் கொடுத்தால் அந்த வரியை யாரோ கட்டவில்லை என்று பொருள்.

கடையில் டப்பாவைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை இவை. இந்தியாவுக்கான படத்தோடு கூடிய எச்சரிக்கை, 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் முகப்பில் 85 சதவீதம் இருக்க வேண்டும். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவை ஒட்டியோ அச்சிட்டோ இருக்க வேண்டும். எச்சரிக்கை அரபியிலோ வேறு நாட்டுப் படத்திலோ இருந்து, இந்திய ஸ்டிக்கர் எதுவுமே இல்லையென்றால், அது பயணியின் பையிலிருந்தோ அதைவிட மோசமான வழியிலோ கடைக்கு வந்த சரக்கு. பேக்கேஜில் டூட்டி இல்லாமல் வந்ததைக் கடையில் வைத்து விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

18 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கவோ, பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்கவோ கூடாது. வாங்கிய பிறகு பேருந்து நிலையத்திலோ டீக்கடையிலோ பைப்பைப் பற்றவைத்தால் பொது இடத்தில் புகைத்த குற்றம், 200 ரூபாய் வரை அபராதம்.

படகுச் சரக்கு

நம் கரையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி தேவைப்படும். வேதாளை, மண்டபம் பக்கம் இலங்கைக்குப் போக இருந்த பீடி இலை மூட்டைகள் பிடிபட்ட செய்தியைப் படிக்காதவர் இங்கே யார்? அந்தப் பக்கம் பீடி இலைக்கு வரி அதிகம், இந்தப் பக்கம் விலை குறைவு, நடுவே சில மணி நேரக் கடல். வரி வித்தியாசம் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கே படகு ஓடும். பைப் புகையிலைக்கு வரி ஏறிய பிறகு எதிர்த்திசையிலும் ஆசை காட்டுபவர்கள் வரலாம்.

1914-ல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி இருந்த காலத்தில் தனுஷ்கோடியிலேயே சுங்க அலுவலகம் இருந்தது. 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையே கொண்டுபோய்விட்டது. இன்று இலங்கையிலிருந்து பயணி சட்டப்படி வர விமானமும், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும்தான். நாகையில் இறங்குபவருக்கும் அதே 125 கிராம்தான். 2016 விதிகளில் நேபாளம், பூடான், மியான்மரிலிருந்து வருவோருக்குப் பொது வரம்பு குறைவாக இருந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இருந்ததில்லை. ஆக, பாம்பனிலோ தொண்டியிலோ ஒருவர் "கடல் வழியா வந்தது" என்று டப்பாவை நீட்டினால், அது சட்டப்படி வந்திருக்க வாய்ப்பே இல்லை.

வாங்கியவர் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். சுங்கச் சட்டத்தின் பிரிவு 112, பறிமுதலுக்குரிய பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்குபவர், வைத்திருப்பவர், மறைப்பவர் எல்லோரையும் அபராதத்துக்குள் கொண்டுவருகிறது. மீனவர் குடும்பங்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. சரக்கு ஏற்றிய படகையே பறிமுதல் செய்யலாம். ஒரு நடைக்கூலிக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பையே பணயம் வைக்கச் சொல்பவரை ஊருக்குள் ஊக்குவிக்கும் ஆளாக நாம் இருக்கக் கூடாது. இதை நான் மனதார நம்புகிறேன்.

காகிதங்கள்

வாங்கிய கடை பில், டூட்டி கட்டிய ரசீது, போர்டிங் பாஸ் மூன்றையும் டப்பா தீரும் வரை வைத்திருங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும். பில் இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரிதான் தீர்மானிப்பார், அது பெரும்பாலும் நீங்கள் கொடுத்த விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

போட்ட டூட்டியோ பறிமுதலோ தவறு என்று தோன்றினால், கவுன்டரில் சத்தம் போட்டுப் பயனில்லை. எழுத்துப்பூர்வமான உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொருளின் எடை, மதிப்பு, எந்தப் பிரிவின் கீழ் நடவடிக்கை என்பது இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் மனுச் செய்யலாம். லீவு முடிந்து திரும்பிப் போகப்போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே வழக்கறிஞரிடமோ வீட்டில் ஒருவரிடமோ உத்தரவின் நகலையும் அதிகாரக் கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.